கடைசிக் கட்டம்

சென்னைக்கு வந்த பத்தாம் நாள் வீணையை உறையிலிருந்து எடுத்தேன். முதலில் வந்தது வாசனைதான். பழைய மெழுகும் பாச்சை உருண்டையும் கலந்த வாசனை. கும்பகோணத்து வீட்டில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, கிழிந்த போர்வையைச் சுற்றிக்கொண்டு 32 வருஷம் நின்ற வீணை. ஏழு தந்தியில் மூன்றுதான் மிச்சம், அவையும் துரு. யாளியின் ஒரு கண் உதிர்ந்திருந்தது. சுரைக்காய் கழன்று தனியாக உருண்டது. மெட்டுகளைத் தாங்கும் கறுப்பு மெழுகு வெடித்துப் போய், தொட்ட இடத்தில் தூளாக வந்தது. 24 மெட்டில் ஆறு கையோடு வந்துவிட்டன. அவற்றை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு வைத்தேன். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த மகள் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, ஜன்னல் கொக்கியா?" என்றாள்.

கணக்கைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். 1982-இல் தொலைபேசி இலாகாவில் ஆப்பரேட்டர். 1985-இல் கல்யாணம். 1992-இல் கடைசியாக வீணை. 2014 ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம். 2020 ஜனவரி 31 அன்று, நாடு முழுக்க ஏறத்தாழ 78,000 பேரோடு நானும் விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். 2022 ஆவணியில் அவர் போனார். 2024-இல் வீட்டைக் காலி செய்தேன்.

ஏழு வரி. இதில் எந்த வரியைப் பிரித்தாலும் ஒரு நாவல் வரும் என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். ஏழு வரிக்குள் அடங்கிவிட்டதே என்பதுதான் எனக்குத் திகைப்பு.

*

மேளம் கட்ட ஆள் கிடைத்தது. வீணையில் மெட்டுகளை மெழுகில் பதித்துச் சுருதி சேர்ப்பதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். தஞ்சாவூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். பட்டறை அங்கே. மாதத்தில் சில நாள் சென்னைக்கு வந்து வீடு வீடாகப் போய்ப் பழுது பார்க்கிறார். உட்கார்ந்ததும் வீணையைத் தட்டினார். குடத்தின் மேல், தண்டியின் நடுவில், யாளியின் கழுத்தில் என்று மூன்று இடம். காதை மட்டும் அந்தப் பக்கம் கொடுத்திருந்தார், கண் எங்கோ ஜன்னலில்.

"நல்ல பலாம்மா. பண்ருட்டி மரமா இருக்கும். ஒட்டு வீணைதான், ஏகாண்டம் இல்ல. ஆனா மரம் பேசுது. எப்ப வாங்கினது?"

"எழுபத்தேழுல. எங்கப்பா பி.எஃப். லோன் போட்டு வாங்கிக் கொடுத்தாங்க."

"அப்ப எங்க பெரியப்பா கையா இருந்தாலும் இருக்கும்."

தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பேச்சுவாக்கில் சொன்னார். பெருமையும் இல்லை, சலிப்பும் இல்லை. ரேஷன் கார்டில் முகவரி மாற்றியதைச் சொல்கிற குரல்.

பழைய மெழுகைச் சுரண்டி ஒரு வாணலியில் சேர்த்தார். புதிதாகத் தேன்மெழுகு, குங்கிலியம், கரித்தூள். எல்லாம் ஒன்றாக உருகியது. ஜன்னலைத் திறந்து வைத்தும் வீட்டில் இரண்டு நாள் கோயில் பிராகாரத்து வாசனை. "முப்பத்திரண்டு வருஷத் தூசியையுமா சேர்த்து உருக்குறீங்க?" என்றேன். "உருகினா தூசி மேல வந்துரும்மா. வழிச்சு எறிஞ்சுரலாம்" என்றார்.

சூடு ஆறுவதற்குள் தண்டியின் மேல் இரண்டு கரையாக மெழுகை அணைத்து, ஈரக்கையால் வழித்தார். அம்மா களி கிண்டி வழிக்கும்போது இப்படித்தான் கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து எடுப்பாள். பிறகு ஒவ்வொரு மெட்டாக. வைப்பார், மீட்டுவார், ஒரு நெல்லளவு நகர்த்துவார், மீட்டுவார், கட்டை விரலால் அழுத்துவார், மறுபடி மீட்டுவார். கைபேசியில் சுருதி காட்டும் செயலி இருக்கிறதே, அதை வைத்துப் பார்க்கக்கூடாதா என்று கேட்டேன்.

"அது சுரத்தைக் காட்டும்மா. இந்தத் தந்தியில, இந்த மரத்துல அது எங்க போயி உக்காரும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு பகல் ஆயிற்று. கிளம்பும்போது சொன்னார்: "வெயில் படாம வைங்க. மே மாசம் மெழுகு கொஞ்சம் இளகும், மெட்டு நகரும். பயந்துராதீங்க, ஒரு போன் பண்ணுங்க." நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார்: "விட்டுட்டமேன்னு நெனச்சு ஒரே நாள்ல நாலு மணி நேரம் வாசிப்பாங்க. வாசிச்சா விரல் போயிரும். அப்புறம் மறுபடி பீரோ சந்துதான்."

எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறாரோ.

*

வீணைக்காரர்களுக்கு இடக்கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் ஒரு தடம் இருக்கும். தந்தி உட்கார்ந்து உட்கார்ந்து ஆன பள்ளம். பதினேழு வயதில் எனக்கு அது கறுத்துக் காய்த்து, ஊசி குத்தினாலும் தெரியாமல் இருந்தது. கல்லூரியில் பக்கத்தில் உட்காரும் பெண் அதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பாள். எனக்கென்னவோ அது மோதிரம் போட்ட மாதிரி. இப்போது அந்த இடத்தில் பாத்திரம் தேய்த்து வழவழத்த தோல்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் வீணை டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி ஒரு சின்ன டப்பியில் தேங்காயெண்ணெய் நனைத்த பஞ்சு வைத்துக்கொண்டேன். விரலை அதில் தொட்டுத் தொட்டு வாசிக்க வேண்டும். முதல் வாரம் கொப்புளம். இரண்டாம் வாரம் கொப்புளம் உடைந்து புண். மேளம் கட்டியவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

அட தாள வர்ணம் வரை வாசித்தவள் நான். இப்போது மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. அதிலும் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது விரல் மெட்டுக்கு மேலே விழுகிறது, மெட்டுக்குப் பின்னால் விழுகிறது, சரியான இடத்தில் மட்டும் விழுவதில்லை. வலக்கைச் சுண்டுவிரல் தாளத் தந்தியை மறந்தே போனது. காதுக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதுதான் தொல்லை. கை எட்டு வயசுப் பிள்ளை, காது பழைய ஆள், இரண்டும் ஒரே பாயில் உட்கார்ந்து தினம் சண்டை.

சைக்கிளும் நீச்சலும் மறக்காது என்பார்கள். வீணை மறக்கும். 'எல்லாம் உள்ளேதான் இருக்கும், திரும்ப வந்துவிடும்' என்று சொன்னவர்கள் யாரும் ஒரு வாத்தியத்தையும் 32 வருஷம் மூடி வைத்துப் பார்த்தவர்கள் இல்லை. என் கணக்கில் போனது போனதுதான். அதை ஒப்புக்கொண்ட பிறகு ஜண்டை வரிசை கொஞ்சம் நேராக வந்தது என்பதையும் குறித்து வைக்கிறேன்.

கீழ் வீட்டில் ஒரு பையன், ராத்திரி ஷிப்ட். காலை ஏழுக்கு வந்து படுப்பான். அவனுக்காக நான் பதினொன்றரைக்கு மேல்தான் உட்காருவேன், அதுவும் மெதுவாக. ஒரு நாள் லிப்டில் பார்த்துக் கேட்டேன், "தொந்தரவா இருக்காப்பா?"

"இல்ல ஆன்ட்டி. ஆனா ஒரே லைனையே நாப்பது தடவ வாசிக்கிறீங்க. அடுத்த லைன் எப்ப வரும்னு காத்துக்கிட்டே முழிச்சிருக்கேன்."

*

பெட்டிகளைப் பிரித்தபோது 1983-ஆம் வருஷத்து டைரி கிடைத்தது. நீல ரெக்ஸின் அட்டை. அப்போது நான் எழுதுகிறவள் என்று எனக்கு நினைப்பு. அடுத்த வருஷம் ஒரு வார இதழில் ஒரு கதைகூட வந்தது. தபாலில் வந்த சன்மானத்தை அம்மா சாமி படத்துக்கு முன்னால் இரண்டு நாள் வைத்திருந்தாள்.

ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அந்த டைரியைப் படித்தேன். படிக்க முடியவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் நிலா காய்கிறது. எதைப் பார்த்தாலும் 'ஏனோ', 'இனம் புரியாத'. முதல் நாற்பது பக்கத்தில் 'மௌனம்' என்ற சொல் 31 இடத்தில் வருகிறது, பென்சிலால் சுழித்து எண்ணினேன். இருபத்திரண்டு வயதில், கூட்டுக் குடும்பத்தில், சமையலறையில் ஆறு பெண்கள் ஒரே சமயத்தில் பேசுகிற வீட்டில், இந்தப் பெண்ணுக்கு அந்தச் சொல் எங்கிருந்து கிடைத்தது? ட்ரங்க் போர்டில் எட்டு மணி நேரம் காதில் மாட்டிய ஹெட்செட்டோடு இருந்துவிட்டு வந்து இதை எழுதியிருக்கிறாள். அந்த ட்ரங்க் போர்டைப் பற்றி டைரி முழுக்க ஒரு வரி கிடையாது. அது இலக்கியமாகத் தோன்றவில்லை போலும்.

கோபமாக வந்தது. பிறகு பாவமாகவும் இருந்தது. ஏப்ரல் 14-ஆம் தேதிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: "மாங்காய்ப் பச்சடியில் உப்பு அதிகம், அப்பா ஒன்றும் சொல்லவில்லை." வருஷம் முழுவதிலும் நான் நம்புகிற வரி அது ஒன்றுதான்.

*

மகள் பிறந்த நாளுக்கு ஒரு நோட்டு வாங்கித் தந்தாள். கையால் செய்த தாள், துணி அட்டை, கட்டிக்கொள்ள நாடா. "நீ மறுபடி எழுதணும்மா" என்றாள். அந்தத் தாளில் பேனாவை வைக்கவே கை கூசியது. இரண்டு மாதம் நாடாவை அவிழ்த்துக் கட்டினேன். ஒரு நாள் துணிந்து எழுதினேன்: 'வாழ்க்கை என்னை எங்கெங்கோ கொண்டுபோய்...' நிறுத்திவிட்டேன். நீல ரெக்ஸின்காரி உள்ளேயேதான் உட்கார்ந்திருக்கிறாள், நாற்பது வருஷமாகச் சாகவில்லை. கொஞ்சம் இடம் கொடுத்தால் நிலாவோடு வந்துவிடுவாள்.

அந்த நோட்டில் இப்போது மகளுக்குத் தெரியாமல் போன் நம்பர்கள் எழுதி வைத்திருக்கிறேன்.

*

கடைசியாகப் பிரித்த அட்டைப் பெட்டியில் 15 நோட்டுகள். லாங் சைஸ், கோடு போட்டது, ஒவ்வொன்றும் 192 பக்கம். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்று மகள் சொன்னாள். போடு என்றுதான் நானும் சொன்னேன். கயிறு தேடப் போன நேரத்தில் ஒன்றைப் பிரித்தேன்.

அவருக்கு மூளையில் இடப்பக்கம் அடைப்பு. வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது பிசியோதெரபி செய்த பெண் சொன்னாள்: "எல்லாத்தையும் எழுதி வைங்க ஆன்ட்டி. ரெண்டு மூணு பேர் மாறி மாறிப் பாப்பீங்க. வாயால சொன்னா விட்டுப்போயிடும்." அன்றே வாங்கிய நோட்டு. ஸ்கேல் வைத்து ஆறு கட்டம் போட்டேன். நேரம், பிரஷர், சுகர், சாப்பாடு, வெளிக்குப் போனது, மருந்து. வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் மிஞ்சியது. அதற்கு என்ன தலைப்புப் போடுவதென்று தெரியாமல் 'குறிப்பு' என்று போட்டேன்.

கட்டம் போடுவது எனக்குக் கை வந்த வேலை. ட்ரங்க் போர்டில் ஒவ்வொரு காலுக்கும் ஒரு டிக்கெட் எழுதுவோம். எந்த நம்பர், எந்த ஊருக்கு, ஆர்டினரியா அர்ஜென்டா, பேச ஆரம்பித்த நேரம், முடித்த நேரம். மூன்று நிமிஷம் ஆனதும் நடுவில் புகுந்து சொல்ல வேண்டும், மேலே பேசுகிறார்களா என்று கேட்க வேண்டும். அந்தப் பக்கம் யாராவது அழுதுகொண்டிருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். டிக்கெட்டில் அழுகைக்குக் கட்டம் கிடையாது.

இந்த நோட்டில் இருந்தது. தரையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

"2015 மார்ச் 9. காலை 6.10. 150/90. கஞ்சி 200 மில்லி, டியூப் வழி. குறிப்பு: பால்காரர் மணிக்குத் தலையைத் திருப்பினார்."

"2016 ஜூன் 2. காலை 9.00. இட்லி ஒன்றரை, வாயால். குறிப்பு: நான் புதுப் புடவை கட்டியதைக் கவனித்தார். முந்தானையைப் பிடித்துப் பார்த்தார்."

"2018 நவம்பர் 16. கஜா புயல். கரண்ட் இல்லை. காற்று மெத்தை இறங்கிவிட்டது. இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டினேன். குறிப்பு: மட்டை விழுகிற சத்தம் கேட்டபோதெல்லாம் கையைத் தேடினார். என் கையைத்தான் என்று நினைக்கிறேன்."

"2021 ஜனவரி 30. பகல் 1.00. ரசம் சாதம், நான்கு கவளம். குறிப்பு: வேலையை விட்டு நாளையோடு ஒரு வருஷம் என்றேன். சிரித்தார். எதற்கு என்று தெரியவில்லை."

நிலா எங்கும் இல்லை. 'இனம் புரியாத' என்பது இல்லை. இரண்டு விரல் அகலத்தில் அதற்கெல்லாம் இடமில்லை, ராத்திரி மூன்று மணிக்கு அதற்குத் தெம்பும் இல்லை. எழுதுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் எழுதியது. நாளுக்கு ஒரு பக்கம், 2,880 பக்கம். எழுத்தை விட்டுவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்த எட்டு வருஷத்தில்தான் ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருக்கிறேன்.

வீணைக்கு இப்படி ஒரு நோட்டு கிடையாது. அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். வீணை நின்ற இடத்தில் நின்றது, துருப்பிடித்தது. எழுத்து எனக்குத் தெரியாமல் வேறு பெயரில் வேலைக்குப் போய்வந்திருக்கிறது.

*

நான்காம் நோட்டின் பின்பக்கத்திலிருந்து சில பக்கங்கள் தலைகீழாக எழுதியிருந்தேன். மறந்தே போயிருந்தது.

பேச்சு போனபின் அவரிடம் மிஞ்சிய சொல் ஒன்றே ஒன்று: 'நாளைக்கு'. இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடுவது உண்டு என்று டாக்டர் சொன்னார். ஏன் அந்தச் சொல் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், வந்தவர்களை வாருங்கள் என்பதற்கும் அதுதான். பார்க்க வந்தவர்கள், "நாளைக்கு என்ன மாமா, நாளைக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு அழுதுகொண்டு போவார்கள். எனக்கு அழ நேரமில்லை. எதற்குச் சொல்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கரகரவென்று இரைகிற லைனில் ஊர்ப் பெயரையும் நம்பரையும் பிரித்தெடுத்த காது. அதற்கு முன்பு ஒரே காந்தாரம் ராகத்துக்கு ராகம் எப்படி அசைகிறது என்று டீச்சரிடம் திட்டு வாங்கிக் கற்ற காது. ஒரு அகராதி போட்டிருக்கிறேன்:

நாளைக்கு ('ளை'யை இழுத்தால்): தண்ணீர்.

நாளைக்கு (சட்டென்று, கடைசி எழுத்தை விழுங்கி): விளக்கை அணை.

நாளைக்கு நாளைக்கு (தாழ்ந்த குரல், இரண்டு தரம்): புரட்டிப் படுக்க வை.

நாளைக்கு (மேலே ஏறி நின்றால்): மகள் போன் பண்ணினாளா?

நாளைக்கு (பல்லைக் கடித்து): டியூப் குத்துகிறது.

நாளைக்கு (மெதுவாக, என்னைப் பார்க்காமல்):

கடைசி வரிக்கு எதிரே ஒன்றும் இல்லை. கீழே சின்ன எழுத்தில் தேதிகள் மட்டும், ஆறு தேதி.

*

மகள் கயிற்றோடு வந்தாள். நோட்டுகளைப் போட வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். "பிரஷர் கணக்கு இருக்கு" என்றேன். ஒரு கணம் பார்த்துவிட்டு, கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள்.

*

கிளை நூலகத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் ஒரு தொகுதி எடுத்தேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளெக்ஸிடம் துபாஷியாக இருந்த வியாபாரி. 1736-இல் எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போவதற்குச் சில நாட்கள் முன்பு அவர் சாகும்வரை நீண்ட குறிப்புகள், நடுநடுவே இடைவெளிகளோடு. பெரிய சரித்திர ஆவணம் என்று பள்ளியில் படித்ததோடு சரி. இப்போது படித்தால் எனக்கு அதில் தெரிவது ஒரு கடைக்கணக்கு எழுதுகிற கை. எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் யாருக்குச் சால்வை, எத்தனை நாழிகைக்கு யார் பார்க்க வந்தார். சரக்கு விலை எழுதுகிற அதே மையில் தன் பயமும் பொறாமையும். தனியாக ஒரு பக்கம் ஒதுக்கி 'இனி என் மனம்' என்று அவர் ஆரம்பிக்கவில்லை. 1846-இல் ஒரு பிரெஞ்சு அதிகாரி கண்டெடுத்துப் பிரதி எடுக்கும் வரை அது வெளியுலகத்துக்குத் தெரியாமலே கிடந்தது. அவர் வீட்டில் எத்தனை கயிறு தேடப்பட்டதோ, யாருக்குத் தெரியும்?

தெரிந்தவர் ஒருவர், எழுத்தில் ருசி உள்ளவர், போனில் எனக்கு ந. பிச்சமூர்த்தியை உதாரணம் காட்டினார். அவரும் எங்கள் கும்பகோணத்துக்காரர்தான். 1930-களில் மணிக்கொடியில் எழுதியவர், நடுவில் கவிதையை நீண்ட காலம் விட்டுவிட்டு, 1959-இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' பத்திரிகையில் மறுபடி கவிதைக்கு வந்தார், புதுக்கவிதைக்கே அதனால் உயிர் வந்தது என்றார். "அதனால நீங்களும் கவலைப்படாதீங்க." எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியவர்களின் இடைவெளியைக் காட்டி நம் இடைவெளிக்கு ஆறுதல் சொல்வது, கோபுரத்து நிழலில் உப்பு மிளகாய் உலர்த்துகிற மாதிரி. ஆனாலும் ஒரு விவரம் என்னை விடவில்லை. நடுவில் அவர் பல வருஷம் கோயில்களில் நிர்வாக அதிகாரியாக இருந்தார். உண்டியல் கணக்கும் நிலக் குத்தகையும் பார்த்திருப்பார். தினம் ஏதாவது ஒரு பேரேட்டில் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தப் பேரேடுகளைப் பார்க்க எனக்கு ஆசை.

*

புதிதாக ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன், தெருமுனைக் கடையில். பதினாறாவது. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். தேதி, பால், மருந்து (இப்போது என் மருந்து), வீணை. வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலம். தலைப்பு அதே தலைப்பு.

முதல் மாதம் கட்டத்துக்குள்தான் இருந்தது. 'கீரைக்காரி இன்று வரவில்லை.' 'எதிர் பிளாட்டில் குழந்தைக்கு மொட்டை.' 'ஐந்தாம் தந்தி அறுந்தது, கன்னத்தில் பட்டது.' ஒன்றும் கஷ்டமில்லை. உட்கார்ந்தால் எழுத வந்தது. நடு ஆடியில் ஒரு நாள் கும்பகோணத்து வீட்டுச் சாவியைக் கொடுத்ததைப் பற்றி எழுதப் போனேன். வாங்கியவர் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எந்தப் பூட்டும்மா?" என்று ஒரு சின்னப் பித்தளைச் சாவியைக் காட்டிக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. முப்பத்தொன்பது வருஷம் இடுப்பில் கிடந்த கொத்து. எந்தப் பூட்டு என்று யோசித்துக்கொண்டே எழுதினேன். குறிப்பு கட்டத்தைத் தாண்டி வீணையின் மேல் ஏறி, மருந்தின் மேல் ஏறி, இடது ஓரம் வரை வந்து, அடுத்த பக்கமும் போயிற்று. நிமிர்ந்து பார்த்தால் குக்கர் ஆறு விசில் அடித்து முடித்திருந்தது.

அது மளிகை அலமாரியின் மேல் தட்டுச் சாவி. நான்காம் பக்கத்தில் ஞாபகம் வந்தது. போன் பண்ணிச் சொன்னேன். அலமாரியை விற்றுவிட்டதாகச் சொன்னார்.

மகள் ஒரு நாள் கேட்டாள், "அந்த நாடா நோட்டுல எழுதறியாம்மா?"

"எழுதறேன்" என்றேன். போன் நம்பரும் எழுத்துதானே.

*

மே மாதம் மெட்டுகள் நகர்ந்தன. மேளம் கட்டியவர் சொன்னபடியே அவருக்குப் போன் பண்ணினேன். வந்து நான்கு மெட்டைத் திருத்திவிட்டு, என் இடக்கையை நீட்டச் சொன்னார். நகைக்கடையில் கல் பார்ப்பது போல ஆள்காட்டி விரல் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லேசா விழுந்திருக்கு" என்றார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது, நூல் பதிந்த மாதிரி ஒரு கோடு.

நான்காம் நோட்டை மேசையிலேயே வைத்திருக்கிறேன். கடைசி வரிக்கு எதிரே பலமுறை பேனாவைக் கொண்டுபோனேன். எழுதத் தெரிந்தவள் என்றால் ஏதாவது எழுதியிருப்பேன். நீல ரெக்ஸின்காரியிடம் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிவிடுவாள். அப்படியே விட்டிருக்கிறேன்.

இன்றைய பக்கம்:

வியாழன். பால் ஒரு லிட்டர். மாத்திரை காலை, இரவு. ஜண்டை வரிசை நான்காவது, இரண்டாம் காலம் வரவில்லை. குறிப்பு: சாரணி இறங்கியிருந்தது, ஏற்றினேன். கீழ் வீட்டுப் பையனுக்கு இன்று லீவு, சத்தமாக வாசித்தேன். நோட்டில் இன்னும் 14 பக்கம் இருக்கிறது.